2024–25 ஆண்டறிக்கை: ஆலோசகர் வந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழைக்கு முன்னால் வந்து நாற்காலி பிடித்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

வழக்கமான வேலைகள் வழக்கம்போல் நடந்தன. மாலை வகுப்பில் 46 பிள்ளைகள் படித்தார்கள். படிப்பகம் ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருந்தது. செயற்குழு 9 முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கலைந்தது. இரண்டும் முகூர்த்த நாள். மற்றபடி இந்த ஆண்டு முழுக்க ஒரே பேச்சுதான்: நன்கொடை திரட்ட வழி சொல்லும் ஆலோசகர் நம்மைப் போன்ற சின்னச் சங்கத்துக்கு எதற்கு, அவருக்குக் காசு எதற்கு?

தொடக்கம் ஓர் அபராதம். 80ஜி அனுமதி (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்க வழி செய்யும் அனுமதி) பெற்ற சங்கம், நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். நாம் 11 நாள் தாமதம், 2,200 ரூபாய் கட்டினோம். யார் தவறு என்று கேட்பீர்கள். செயலாளர் தவறு, அதாவது என் தவறு. பட்டியல் கொடுக்காமல் போனதற்குக் காரணம் சோம்பல் இல்லை; கொடுக்க நம்மிடம் பட்டியலே இல்லை.

அதன்பிறகுதான் ஆள் தேடினோம். முதலில் பேசியவர், திரட்டித் தரும் தொகையில் 20 சதவீதம் கேட்டார். கையிலிருந்து காசு போகாதே என்று சிலருக்கு ஆசை. ஆனால் நூறு ரூபாய் கொடுப்பவரிடம் இருபது ரூபாய் கமிஷன் என்று நம்மால் சொல்ல முடியுமா? நிதி திரட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் சங்கமே, சதவீதக் கூலி வாங்கக் கூடாது என்று ஒழுக்க விதி வைத்திருக்கிறதாம். வேண்டாம் என்று விட்டோம். இரண்டாவதாக வந்தவர் திருச்சியிலிருந்து ஓர் அம்மையார். மொத்தம் 30,000 ரூபாய், மூன்று தவணை. "பணம் நான் கொண்டு வரமாட்டேன், நீங்கதான் கேட்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவர் வந்த அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நன்கொடை ஆவணங்களைக் கேட்டார். மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்த ரசீதுப் புத்தகங்களைக் கொடுத்தோம். அடிக்கட்டையில் ஓரிடத்தில் "டீக்கடை மாமா – 500", இன்னோரிடத்தில் "சிங்கப்பூர் அண்ணன் – 2,000". "யாருங்க இந்த சிங்கப்பூர் அண்ணன்?" என்றார். மூன்று பேர் மூன்று ஆளைச் சொன்னோம். "10பிஇ சான்று எந்த அண்ணன் பேருக்குக் கொடுப்பீங்க?" என்று, நன்கொடையாளருக்கு வரிக் கழிவுக்காக நாம் தர வேண்டிய சான்றைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய்த் தன் மொய் நோட்டை எடுத்து வந்தார். பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடப்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோட்டில் முப்பது வருஷக் கணக்கு: பெயர், அப்பா பெயர், ஊர், தொகை, திருப்பிச் செய்த தேதி. அம்மையார் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஒன்று இப்படி வைத்திருக்கிற ஊரில் சங்கத்துக்கு மட்டும் மஞ்சள் பையா?" என்றார். மொய்யைப் பணமாகத் திருப்ப வேண்டும், நன்கொடைக்குக் கணக்கைத் திருப்பிக் கொடுத்தால் போதும். மற்றபடி நோட்டு ஒன்றேதான் என்றார்.

சரி, நோட்டுப் போட்டோம். பெயர், முகவரி, அலைபேசி எண், பான் எண், கடைசியாகக் கொடுத்தது எப்போது, எதற்காக. மொத்தம் 212 பேர் தேறினார்கள். அதில் 131 பேரிடம் முதல் தடவை வாங்கியதோடு சரி, அப்புறம் நாம் பேசவே இல்லை. பெரும்பாலோர் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையெல்லாம் சாய்த்த பிறகு பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கக் கொடுத்தவர்கள். இவர்களிடம் முதல் சுற்றில் பணம் கேட்காமல் நன்றி மட்டும் சொல்லச் சொன்னார் அம்மையார். நான் பேசிய முதல் ஆளே "ஆறு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா தம்பி?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் இரண்டு மாதம் கழித்து 5,000 அனுப்பினார்.

ஆண்டு நன்கொடை 1,12,000-லிருந்து 1,84,000 ஆனது. முழுவதும் ஆலோசனையின் பலன் என்று சொல்ல மாட்டேன். இதில் 25,000 ஓர் உறுப்பினர் தன் தந்தை நினைவாகக் கொடுத்தது.

சிங்கப்பூர் விஷயத்தில் வருத்தமும் உண்டு. நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கிருந்து 50,000 அனுப்புவதாகச் சொன்னார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே தரலாம். சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், நம்மூரில் பிறந்தவரே ஆனாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். எப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பதிவுக்கு, முந்தைய மூன்று நிதியாண்டில் 15 லட்சம் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். நமக்கு அது எட்டாத உயரம். அவரிடம் வேண்டாம் என்றோம். அவர் கோபித்துக்கொண்டார்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் பற்றி நம்மில் பலருக்குக் கனவு இருந்தது. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள கம்பெனிதான் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கக் கடமைப்பட்டது. நாம் அறிந்த கயிறு ஆலை முதலாளிகள் யாரும் அந்தக் கணக்கில் வருபவர்கள் இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்கி வைத்திருக்கிறோம். வாசலில் கோலம் போட்டாயிற்று, விருந்தாளி வரும்போது வரட்டும்.

ஆசிரியர் உறுப்பினர்கள் சிலர், புதிய வரி முறைக்கு மாறிவிட்டதால் 80ஜி ரசீதால் தங்களுக்குப் பயன் இல்லை என்றார்கள். உண்மைதான், அந்த முறையில் கழிவு கிடையாது. அப்படியும் தொகையைக் குறைக்காமல் கொடுத்தார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் கழிவு இல்லை. தயவுசெய்து வங்கி வழியே அனுப்புங்கள்.

கடைசியாகச் சண்டை வந்த விஷயம். மூன்றாண்டுத் திட்டம் போட உட்கார்ந்தபோது அம்மையார் கேட்டது, "எதைப் புதிதாகச் செய்வீங்க?" என்றல்ல, "எதை நிறுத்துவீங்க?" என்று. கண் சிகிச்சை முகாமையும் பொங்கல் விளையாட்டு விழாவையும் நிறுத்தி, அந்தப் பணத்தில் மாலை வகுப்புக்கு இரண்டாவது ஆசிரியர் போடச் செயற்குழு தீர்மானித்தது. கண் முகாமை மற்ற அமைப்புகளும் நடத்துகின்றன. விளையாட்டு விழாவுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. உறியடி இல்லாத பொங்கலா என்று கேட்டவர்களில் என் வீட்டம்மாவும் ஒருவர். இரண்டாவது ஆசிரியர் ஜூனில் சேர்ந்துவிட்டார். விழாவைத் தனி வசூலில் நடத்த இளைஞர்கள் முன்வந்தால் செயற்குழு தடை சொல்லாது.

அம்மையாருக்குக் கடைசித் தவணை 10,000 ரூபாய் பாக்கி. பொதுக்குழு ஒப்புதல் தந்தால் பொருளாளர் இன்றே காசோலை எழுதத் தயாராக இருக்கிறார். புதிய நன்கொடை நோட்டு மேசைமேல் இருக்கிறது. உங்கள் பெயருக்கு நேரே பான் எண் காலியாக இருந்தால், சாப்பிடப் போகும் முன் நிரப்பிவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்