கதிரில் முளைத்த நெல்

அன்புள்ள ராமலிங்கம்,

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. கும்பகோணத்தில் எல்லோரும் நலம், என் முழங்கால் ஒன்றைத் தவிர.

சாய்ந்த குறுவை உன் வயலில் கதிரிலேயே முளைத்ததும் பக்கத்து வயல் தப்பியதும் ஏன் என்று கேட்டிருக்கிறாய். மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. முற்றிய நெல்லை உறங்க வைப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். அந்த உறக்கத்தின் ஆழம் ரகத்துக்கு ரகம் மாறும். குறுகிய கால ரகங்கள் பலவற்றில் குறைவு. அறுத்த நெல்லையே விதைக்கு எடுக்கும்போது நமக்கு அது வசதியாகத்தானே இருந்தது!

வயல் காயும்போது இலைத்துளைகளை மூடச் சொல்வதும் இதே ஹார்மோன். ஏற்பி என்ற புரதம் இதைப் பற்றிக்கொண்டு, ஏபிஐ1 என்ற இன்னொரு புரதத்தை மடக்கும். மற்ற நாட்களில் எச்சரிக்கையை அமுக்கி வைப்பது இந்த ஏபிஐ1. அது அடங்கினால்தான் துளை மூடும். 1984-இல் நெதர்லாந்தில் கூர்னீஃப் குழுவினர், அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில், இந்த அமிலத்தின் நடுவிலும் முளைத்த விதைகளைப் பொறுக்கினார்கள். அவற்றில் ஒன்றில் ஏபிஐ1 புரதத்தின் 180-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தது பின்னால் தெரிந்தது. அவ்வளவுதான் சடுதிமாற்றம். ஆனால் ஏற்பியால் அதை மடக்க முடியவில்லை. உத்தரவு வந்தும் மதகை இறக்காத லஸ்கர் போல. செடி எளிதில் வாடியது, விதையோ சரியாக உறங்கவில்லை. ஏற்பிகளே 2009-இல்தான் பிடிபட்டன.

உன் மகன் சொன்ன சீன ஆய்வு 2018-இல் வந்தது. நெல்லில் ஏற்பி மரபணுக்கள் மூன்றை முடக்கினார்கள். விளைச்சல் 31 சதவீதம் வரை கூடியது, விதை உறக்கமும் பெரிதாகக் கெடவில்லை. பல ஏற்பிகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதால்தான் இது முடிந்தது. கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத ஆண்டில், எச்சரிக்கையைப் பாதி காதில் வாங்கும் பயிரைக் கடைமடையில் நட எனக்குத் துணிவு வராது. வறட்சிக்கு ஒரே மரபணு போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு முனையை இழுத்தால் விதை முனை ஆடுகிறது.

அடுத்த குறுவைக்கு ரகம் மாற்றுவதானால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரி. விளைச்சலோடு, அறுவடைக்குப் பின் எத்தனை நாள் விதை உறங்கும் என்பதையும் கேள். நீ போகும் நாளைச் சொன்னால் நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வைத்தி