போயிட்டு வரேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன் என்றுதான் எழுதுகிறேன். நீ ஊருக்குக் கிளம்பியதிலிருந்து குட்டி தினமும் காலையில் உன் அறைக் கதவைத் தட்டிப் பார்க்கிறாள்.

அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருகிறார். நல்ல மாதிரி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் நீ சொன்னபடியே, குட்டி விளையாட்டில் மும்முரமாக இருக்கும்போது நைசாக நழுவிவிட்டேன். அவ்வளவாக அழவில்லையாம். அப்பாடா என்றிருந்தது. வினை மறுநாள்தான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதறல். தூக்கத்திலும் என் நைட்டியை விடவில்லை. எப்போது மாயமாவேனோ என்று என்னைக் காவல் காத்தாள், பாவம்.

தடுப்பூசி போடப் போனபோது நர்ஸிடம் புலம்பினேன். இந்தப் பிரிவுப் பயம் 8 மாதம் வாக்கில் தொடங்குமாம், ஒன்றரை வயதுவரை பலமாக இருக்குமாம். இவளுக்கு 14 மாதம், கேட்க வேண்டுமா! சொல்லாமல் மட்டும் போகாதீர்கள் என்றார்.

ஒரு வாரம் லீவு போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் அந்த அம்மா குட்டியைத் தூக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில். மூன்றாம் நாள் இவளே ஒரு சாக்ஸை எடுத்துக்கொண்டுபோய் அவர் மடியில் போட்டாள். அதன் பிறகு 10 நிமிடம், அரை மணி, 2 மணி நேரம் என்று வெளியே போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு முத்தம், ‘அம்மா போயிட்டு வரேன்’. திரும்பிப் பார்ப்பதில்லை. அழுவாள்தான். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறதாம். எனக்குத்தான் பஸ்ஸில் அடங்கவில்லை.

மம்மு, இங்கா, தாச்சி எல்லாவற்றையும் அவருடைய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அவர் ‘தாச்சி’ சொல்வதை நீ கேட்க வேண்டுமே! பகலில் தூங்க, துவைக்காத என் பழைய டி-ஷர்ட் ஒன்று பக்கத்தில் வேண்டும்.

சாயங்காலம் என்னைக் கண்டதும் கையில் கிடைத்ததை எறிந்து ஒரு பாட்டம் அழுகிறாள். அந்த அம்மா ஏதாவது திட்டினாரோ என்றுகூட முதலில் சந்தேகப்பட்டேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பகலெல்லாம் அடக்கி வைத்ததை என்னிடம்தானே கொட்டுவாள்?

போன வாரம் தடுக்கி விழுந்தாள். நான் நிற்கிறேன், என்னைத் தாண்டி அவரிடம் ஓடினாள். இதற்குத்தானே இத்தனை பாடு என்று மூளைக்குத் தெரிகிறது. வயிறு கேட்கவில்லை அம்மா.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீயும் அவள் தூங்கும்போதுதானே கிளம்பினாய்? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசி முடிக்கும்போது, அவள் முகத்தைப் பார்த்து ‘பாட்டி போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிடு. கதவு தட்டுவதை நிறுத்துகிறாளா பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் மகள்