ஏறுமுன் பூட்ட வேண்டிய வார்

ஆசிரியர் அவர்களுக்கு,

காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் நுவரெலியா கிரகரி வாவியிலும் இயந்திரப் படகு விடுவோர் சிலர் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கடியில் திணித்து வைக்கிறார்கள். மலைநாட்டுத் தண்ணீரில் சட்டென விழுந்தால் குளிரில் மூச்சு முட்டும். நீச்சல் தெரிந்தவராலும் அங்கியைத் தேடி மாட்ட முடியாது. ஏறுமுன்பே வாரைப் பூட்டுங்கள். அங்கியின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கும்போது அது நாடிவரை ஏறினால் அளவு பெரிது.

பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தட்டில் தேங்கும். இயந்திரம் படகுக்குள்ளே இருந்தால் காற்று வெளியேற்றும் விசிறியை 4 நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்தே சாவியைத் திருப்புங்கள். நிறுத்தற் கயிற்றை, அதாவது இழுபட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை, சுக்கானில் சுற்றி வைப்பது பெரும் மடத்தனம்: ஓட்டுபவர் விழுந்தால் ஆளில்லாப் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். கயிறு அவர் உடலில் இருக்கட்டும். படகில் தேங்கும் நீரை வடிக்கும் துளையின் மூடி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990, கைபேசி நீர்புகாப் பையில்.

வாசகர், நோர்வூட்