உப்பும் சம்பளமும்: பொது அறிவு நூல் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சம்பளத்தைக் குறிக்கும் 'சாலரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் அச்சிடும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைக் கூலியாக அளந்தார்கள், அதிலிருந்து இந்தச் சொல் பிறந்தது. சொல்லுக்குள் உப்பு இருப்பது உண்மை. கூலிக்குள் இருந்ததற்குச் சான்று இல்லை.

இலத்தீனில் 'சால்' என்றால் உப்பு. உப்பு சார்ந்தது 'சாலாரியும்'. அது நார்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இதுவரை சிக்கல் இல்லை.

கதை முளைத்த இடம், கி.பி. 79இல் இறந்த ரோமானிய அறிஞர் மூத்த பிளினி எழுதிய 'இயற்கை வரலாறு', 31ஆம் பகுதி. பதவிச் சிறப்புகளிலும் படைப்பணியிலும் உப்புக்கு இடமுண்டு, சாலாரியும் என்ற பெயரே அதனால் வந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்கிறார். உப்பை அளந்து கொடுத்ததாக அவர் எழுதவில்லை. 'உப்பு வாங்கத் தந்த காசு' என்பதும் பின்னாளைய அகராதிக்காரர்களின் ஊகமே.

வீரர்கள் வாங்கிய ஊதியத்துக்குப் பெயரே வேறு: 'ஸ்திபெந்தியும்'. முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 225 தெனாரியுஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்), மூன்று தவணையாக. எகிப்தில் கிடைத்து இப்போது ஜெனீவாவில் இருக்கும் கி.பி. 81ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்று ஒரு வீரரின் அசல் சம்பளச் சீட்டேதான். ஒரு தவணைக்கு வரவு 248 திராக்மா (எகிப்தில் புழங்கிய நாணயம்). பிடித்தம்: வைக்கோல் 10, சாப்பாடு 80, காலணியும் கால்பட்டையும் 12, முகாமின் சாத்தர்னாலியா விழா 20, உடை 60. கைக்கு மிஞ்சியது 66. உப்புக்கென்று வரவும் இல்லை, பிடித்தமும் இல்லை.

'சாலாரியும்' என்ற சொல் பெரிய பதவிக்காரர்களுக்கான படித்தொகையையும் குறித்தது. ரோமானியத் தளபதி அக்ரிகோலா ஆளுநர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கியபோது, வழக்கமாகக் கொடுக்கும் சாலாரியத்தைப் பேரரசர் டொமீஷியன் அவருக்குக் கொடுக்கவில்லை என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் தசித்துஸ்.

இதே பக்கத்தில் 'சம்பா + அளம் (உப்பளம்) = சம்பளம்' என்றும் போடுகிறீர்கள். நெல்லும் உப்பும் கூலியாம்! சம்பாவோடு அளம் புணர்ந்தால் 'சம்பாவளம்' அல்லவா வர வேண்டும்? கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இருக்கிறது. வடமொழியில் 'சம்பல' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு. இவற்றுக்குக் கணக்குச் சொல்லாத பிரிப்பு எதுவும் வேர் ஆகாது.

அடுத்த பதிப்பில் இப்படிப் போடுங்கள்: "சாலரி: உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடைய 'சாலாரியும்' என்பதிலிருந்து வந்தது. உப்பையே ஊதியமாகக் கொடுத்ததற்குப் பழஞ்சான்று இல்லை." சம்பளப் பிரிப்பை எடுத்துவிடுங்கள்.