மென்பொருளுக்கு முன் பொருள் பட்டியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னணுக் கொள்முதல், அதாவது டெண்டர் முதல் ஆர்டர் வரை கணினி வழியே நடத்துவது குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல மென்பொருள், வேகமான இணையம், ஊழியர்களுக்குப் பயிற்சி இவை இருந்தால் ஒரு நிறுவனம் தயார் என்கிறது கட்டுரை. கொள்முதல் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. இவை அனைத்தும் இருந்தும் திணறுகிற நிறுவனங்கள் உண்டு.

முதலில் பொருள் பட்டியல். ஒரே போல்ட், ஸ்டோர்ஸ் பதிவில் ‘எம்12 போல்ட்’ என்றும், பராமரிப்புப் பிரிவின் இண்டென்டில் (தேவைக் கோரிக்கையில்) ‘போல்ட் 12 எம்எம்’ என்றும், பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் ‘ஹெக்ஸ் போல்ட் 12’ என்றும் இருக்கும். காகிதத்தில் வேலை நடந்தவரை பிரச்சினை இல்லை. எல்லாம் ஒன்றுதான் என்று ஸ்டோர்ஸ்காரருக்குத் தெரியும். கணினிக்கு அவை மூன்று பொருள்கள். ஒரு பெயரில் இருப்பு குவிந்து கிடக்க, இன்னொரு பெயரில் புது டெண்டர் போகும். மொத்தத் தேவையையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்கக்கூடிய விலைக் குறைப்பும் போய்விடும். ஐ.நா.வின் யுஎன்எஸ்பிஎஸ்சி போன்ற பொதுக் குறியீட்டு முறைகள் இருக்கின்றன. ஆனால் அவை பொருளின் வகையைத்தான் சொல்லும். அளவு, தரம், உலோகம் என்று வரிக்கு வரி ஒழுங்குபடுத்துவது நம் வேலை. யாரும் பாராட்டாத, மாதக்கணக்கில் இழுக்கிற வேலை. அதனால் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். டெண்டர்களும் ஆர்டர்களும் அந்தக் குறியீடுகளோடு பிணைந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது டிஜிட்டல் கையொப்பம். அதிகாரியின் பெயரில் வாங்கிய டோக்கன் (கையொப்பம் பதிந்த யுஎஸ்பி கருவி) உதவியாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில் அதோடு ஒட்டியிருக்கிறது. அதிகாரி வெளியூர் போனால் வேலை நின்றுவிடக் கூடாதே என்று செய்வதுதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் விலைப்புள்ளியைத் திறந்தது யார், ஒப்புதல் தந்தது யார் என்று தணிக்கையில் கேட்டால், கணினிப் பதிவை நம்ப முடியாது. அதிகாரி இல்லாதபோது அதிகாரம் யாருக்கு, எந்தத் தொகை வரை என்று எழுத்தில் முடிவு செய்து அந்த நபருக்கும் தனி டோக்கன் கொடுத்துவிட்டால் சரி. மேலிடத்தின் ஒரே ஓர் உத்தரவில் முடிகிற காரியம் இது.

அவசரப்படவும் தேவையில்லை. உக்ரைனின் மின்னணுக் கொள்முதல் அமைப்பான புரோசோரோ 2015-ல் சோதனை முறையில் தொடங்கி, 2016 ஆகஸ்டில்தான் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் விதிகளை வகுத்துவிட்டு, விலைப்புள்ளிகளை மின்னணு முறையில் பெற 2018 அக்டோபர் வரை அவகாசம் கொடுத்தது.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாதவர்கள் சிறு சப்ளையர்கள். கணினிக்கென்று தனி ஆள் வைக்க அவர்களுக்கு வசதி இருக்காது. டெண்டரின் கடைசி நாளில் சர்வர் திணறினால் முதலில் வெளியேறுவது அவர்கள்தான். அவகாசத்தை எப்போது நீட்டிக்கலாம், யார் முடிவு செய்வது என்பது டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். டெண்டர் நேரத்தில் கூப்பிட்டால் போனை எடுக்க ஒருவர் வேண்டும். இதே பொருளில் மீண்டும் எழுதும்போது தயவுசெய்து அவர்களிடமும் பேசுங்கள்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்