போனிலை சொல்லேலாமல் போன கதை

கோண்டாவில்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாய் இருக்கவேணும் எண்டு நல்லூரானை வேண்டுறன்.

போன கிழமை நீ போன் எடுத்து, கனடாவிலை ஸ்காபரோவிலை அக்காவின்ர மூத்தவனைக் குடிச்சிட்டு ஓடினதெண்டு பொலிஸ் பிடிச்ச கதையைச் சொன்னனி. "லோயருக்குக் காசு கட்டி அடிபட்டால் லைசன்ஸைக் காப்பாத்தலாமோ" எண்டு கேட்டனி. நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வைச்சிட்டன். உண்மையிலை யோசிக்க ஒண்டும் இருக்கேல்லை. எனக்கு அதே அலுவல் நடந்து மூண்டு மாசம். போனிலை சொல்லியிருந்தால் "விடடா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" எண்டு நீ ஒரு வசனத்திலை மூடியிருப்பாய். அப்பிடி மூடக்கூடாத கதை எண்டபடியால்தான் எழுதுறன்.

எங்கட கணக்கு வாத்தியார் செத்தது உனக்குத் தெரியும். செத்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு நான் அளவெட்டிக்கு என்ர பட்டாவிலை, அதுதான் என்ர சின்ன லொறியிலை, போனனான். எங்கட சனசமூக நிலையத்துக் கதிரையளும் இரண்டு பெரிய கிடாரமும் செத்தவீட்டுக்குக் குடுத்தது, அதுகளைத் திருப்பி ஏத்திக்கொண்டு வரவேணும். ஏத்தி இறக்கப் பக்கத்து வளவுப் பொடியள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனனான். மூத்தவனுக்குப் பதினெட்டு. சின்னவன் ஓ/எல் சோதினை எடுக்கப் போறவன், பதினைஞ்சு வயசு.

வாத்தியாருக்குப் பிடிச்சதெல்லாம் படைச்சுச் சாப்பாடு முடிய, பின் வளவு மாமரத்துக்குக் கீழை எங்கட வகுப்புக்காரர் ஏழெட்டுப் பேர் இருந்திட்டம். அவர் எங்களுக்கு அடிச்சது, அரிசி பருப்புத் தந்தது, ஷெல்லடி நேரம் மேசைக்குக் கீழை இருத்திப் பாடம் நடத்தினது எல்லாம் கதைச்சம். பின்னேரம் கள்ளு, இருட்டினாப்பிறகு சாராயம். கள்ளை எங்கட ஆக்கள் குடியெண்டே கணக்கெடுக்கிறேல்லை. பனையிலை இருந்து வாறது, உடம்புக்குக் குளிர்மை எண்டு சொல்லிச் சொல்லியே வளந்தனாங்கள். அண்டைக்கு நானும் சாராயத்தை மட்டும்தான் எண்ணினனான். இரண்டு கிளாஸ். நிதானமாய்த்தான் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு திறப்பைப் போட்டனான்.

மருதனார்மடம் தாண்டி, காங்கேசன்துறை வீதியிலை, இரவு பத்தே முக்காலுக்கு மறிச்சவை. கதவைத் திறக்கவே மணந்திருக்கும். பலூனைத் தந்து ஊதச் சொன்னார். நீ கண்டிருக்கமாட்டாய்: ஒரு பிளாஸ்ரிக் பை, அதோடை கண்ணாடிக் குழாய், குழாய்க்குள்ளை மஞ்சள் குறுணி. ஊத ஊத அந்த மஞ்சள் ஒரு பக்கத்தாலை பச்சையாய் மாறிக்கொண்டு வரும். குழாயிலை கோடு ஒண்டு இருக்கு. பச்சை அந்தக் கோட்டைத் தாண்டிப் போனதை நானும் ரோச் வெளிச்சத்திலை பாத்தனான்.

பிறகு அந்த ரோச் பின்னுக்குப் போச்சுது. கதிரை அடுக்குக்கும் கிடாரத்துக்கும் நடுவிலை பொடியள் இரண்டு பேரும் குந்திக்கொண்டு இருந்தவங்கள். சின்னவன் கிடாரம் கட்டின கயித்தை இரண்டு கையாலையும் பிடிச்சிருந்தவன். வண்டி நிண்டு கன நேரம். ஆனால் அவன் கயித்தை விடேல்லை. நான் வந்த வரத்துக்கு அவன் அப்பிடிப் பிடிச்சுக்கொண்டுதான் வந்திருக்கிறான். முன்னுக்கு இருந்த எனக்கு அது தெரியேல்லை.

பொடியளை ஓட்டோ ஒண்டிலை ஏத்தி அனுப்பிச்சினம். என்னை ஸ்ரேசனிலை வாங்கிலை இருத்தி வைச்சுப் பேந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கை ஒண்டு நாப்பது. கண்ணை வெளிச்சம் அடிச்சுப் பாத்து, நேர்கோட்டிலை நடக்கவிட்டு, மூக்கைத் தொடச் சொல்லி, டொக்ரர் படிவம் நிரப்பினார். விடியப் பொலிஸ் பிணையிலை விட்டவை. லைசன்ஸும் பட்டாவும் அவையிட்ட.

இனி நீ கேட்ட பகுதி. எங்கட மோட்டார் வாகனச் சட்டத்திலை 151ஆம் பிரிவு. 100 மில்லிலீற்றர் இரத்தத்திலை 80 மில்லிகிராம் அற்ககோல் இருந்தால் குற்றம். இது ஸ்பொட் ஃபைன் கட்டி முடிக்கிற அலுவல் இல்லை, கோட்டுக்குப் போகவேணும். தண்டம் குறைஞ்சது 25,000. மூண்டு மாசம் வரைக்கும் சிறை மறியலும் போடலாம். லைசன்ஸை 12 மாசம் வரைக்கும் நிப்பாட்டலாம். அந்த "வரைக்கும்" எண்ட சொல்லிலைதான் எங்கட ஆக்களின்ர முழு ஓட்டமும் கிடக்கு. ஒரு மாசமோ பன்னிரண்டு மாசமோ, அது நீதவான்ர கையிலை.

ஊரிலை எல்லாரும் ஒரே சொல், அடிபடு எண்டு. மச்சினன் வந்து, "தசமூலாரிஷ்டம் குடிச்சனான், வாதக்காரன் எண்டு சொல்லு. வைத்தியரிட்டைத் துண்டு வாங்கித் தாறன்" எண்டான். அரிஷ்டத்திலையும் அற்ககோல் இருக்குத்தான். ஆனால் சட்டம் என்ன குடிச்சாய் எண்டு கேக்கேல்லை, இரத்தத்திலை எவ்வளவு எண்டுதான் கேக்குது. அதோடை பொய்த்துண்டு வேறை.

லோயர் அப்பிடிப்பட்டவர் இல்லை. படிவத்தை வாங்கி வடிவாய்ப் பாத்தார். "டொக்ரர் மது மணம் வீசுது எண்டு எழுதியிருக்கிறார். போதையின் ஆதிக்கத்திலை எண்ட இடத்திலை ஒண்டும் போடேல்லை. மணக்கிறது வேறை, ஆதிக்கத்திலை இருக்கிறது வேறை. மறிச்சு மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போய்த்தான் காட்டியிருக்கினம். சுத்தவாளி எண்டு சொல்லுங்கோ, முழு வழக்கு விசாரணைக்குப் போவம், பலூனைப் பற்றியும் டொக்ரரைப் பற்றியும் நான் குறுக்கு விசாரணை செய்யிறன்" எண்டார். நியாயமான வாதம். அப்பிடி விடுதலையான ஆக்கள் இருக்கினமாம். நானும் தலையாட்டிப்போட்டு வந்தனான்.

அண்டிரவு நித்திரை வரேல்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்திலை இருக்கிற அற்ககோலிலை ஒரு மணித்தியாலத்துக்குப் பதினைஞ்சு மில்லிகிராம் அளவிலை உடம்பு எரிக்கும் எண்டு லோயரே சொன்னவர். மூண்டு மணித்தியாலத்துக்கு நாப்பத்தைஞ்சு. அப்ப டொக்ரர் பாக்கேக்கை நான் நிதானமாய் நிண்டனான் எண்டால், ஸ்ரியரிங்கைப் பிடிச்சிருக்கேக்கை எப்பிடி இருந்திருப்பன்? பிந்திப் பாத்ததை என்ர பக்க நியாயம் எண்டு நினைச்சனான். கணக்கைத் திருப்பிப் போட்டால் அது எனக்கு எதிராய் நிக்குது.

அதுக்குப் பிறகும் நான் சுத்தவாளி எண்டு சொல்லத்தான் இருந்தனான், மச்சான். ஒளிக்காமல் சொல்லுறன். பட்டா ஓடாட்டில் எங்கட வீட்டிலை உலை ஏறாது. சின்னவளின்ர கம்பஸ் செலவு, வங்கிக் கடன், எல்லாம் அந்த நாலு சில்லிலைதான். ஆனால் கோட்டுக்கு இரண்டு நாளுக்கு முதல் சின்னவன்ர தாய் வந்தா. எப்பவும் போல ஒரு கட்டு முருங்கைக்காய், திருநெல்வேலிச் சந்தைக்குக் குடுத்துவிட. பட்டா இல்லையெண்டு அவவுக்குத் தெரியும், ஆரேனும் போறவையிட்டைக் குடுங்கோ எண்டா. திரும்பிப் போகேக்கை படலையிலை நிண்டு, "அண்ணை, அண்டைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போனபடியால்தான் பயமில்லாமல் அனுப்பினனான்" எண்டா. குத்திக்காட்ட இல்லை, நெஞ்சாரச் சொன்னவ. அவன் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததைத் தாயிட்டைச் சொல்லவே இல்லை எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கினது.

குற்றப்பத்திரத்திலை அந்தப் பொடியளைப் பற்றி ஒரு வரி இல்லை. லோயர் கேக்கேல்லை, பொலிஸ் எழுதேல்லை, நீதவானுக்குத் தெரியாது. படிவத்திலை புள்ளடி போடாத ஒரு இடத்தைக் காட்டி நான் வெளியிலை வந்திருந்தால், அந்தத் தாய் அடுத்த கிழமையும் பிள்ளையை என்னோடை ஏத்தி அனுப்பியிருப்பா.

குற்றவாளி எண்டு ஒப்புக்கொண்டன். லோயருக்கு மனவருத்தம். ஆனால் மனிசன் கைவிடேல்லை. இருபது வருசத்துக்கு மேலை ஒரு விபத்தும் இல்லை, முதல் குற்றம், இதுதான் தொழில் எண்டு லைசன்ஸ் நிப்பாட்டுற காலத்துக்கு மட்டும் வாதாடினார். அதுக்கு நான் முழுச் சம்மதம். செய்ததை இல்லையெண்டு சொல்லுறதும், செய்ததுக்கு எவ்வளவு எண்டு கேக்கிறதும் இரண்டு அலுவல். 25,000 தண்டம், ஆறு மாசம் லைசன்ஸ் இல்லை.

ஆறு மாசம் கூடிப்போச்சு எண்டு நான் இண்டைக்கும் நினைக்கிறன். யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள் இருக்கு, ஒப்புக்கொண்டவனுக்கு அந்த வாசல் கொஞ்சம் ஒடுக்கம், ஆனால் பாக்கலாம் எண்டு லோயர் சொன்னவர். பதினோராம் நாள் தானே போன் எடுத்துக் கேட்டார். அந்தக் காசுக்கு ஒரு மாசம் ட்ரைவர் வைக்கலாம் எண்டு என்ர மனிசி சொன்னாள். அதோடை விட்டாச்சு. இப்ப ஒரு பெடியன் நாளுக்கு மூவாயிரத்துக்கு ஓடுறான். நான் பக்கத்திலை இருந்து போறன், இல்லாட்டில் சைக்கிள். சுன்னாகத்துக்குச் சைக்கிள் உழக்கி முழங்கால் வீங்கிப் போச்சுது. கள்ளத்தனமாய் ஓடச் சொன்னவையும் இருக்கினம். லைசன்ஸ் நிப்பாட்டின நேரம் ஓடினால் அது வேறை வழக்கு. இப்ப நான் கயித்திலை நடக்கிற மாதிரித்தான் ரோட்டிலை போறன்.

வாத்தியாற்ற முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் பஸ்ஸிலை போனனான். கேணியடியிலை எங்கட வகுப்புக்காரர் நிண்டவை. ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அதுவும் ஒரு பிழை எண்டு இப்ப படுது. அண்டைக்கு அந்த மாமரத்தடியிலை இருந்து வீட்டை போன ஏழெட்டுப் பேரிலை பஸ்ஸிலை போனவன் ஒருத்தன்தான்.

இனி உன்ர மருமகன். நான் ஒப்புக்கொண்டனான் எண்டதுக்காக அவனையும் ஒப்புக்கொள்ளச் சொல்லாதை. அங்கத்தைச் சட்டம் வேறை. நீ சொன்ன மாதிரி ரோட்டிலை வைச்சே 90 நாளுக்கு லைசன்ஸை வாங்கி, காரையும் 7 நாளுக்கு இழுத்துக்கொண்டு போட்டினம். அது ஒன்ராறியோ மாகாணத்தின்ர அலுவல், கோட்டுத் தீர்ப்புக்குக் காத்திராது. குற்ற வழக்கு வேறை ஒரு பாதையிலை போகுது. இரண்டையும் போட்டுக் குழப்பாதை. லைசன்ஸ் திரும்பி வந்தாலும் வழக்கு நிக்கும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்டு. அவன் இன்னும் சிற்றிசன் எடுக்கேல்லை எண்டு சொன்னனி. 2018 டிசம்பரிலை கனடாவிலை சட்டம் மாறி, குடிச்சிட்டு ஓடுறதுக்கு உச்சத் தண்டனை பத்து வருசம் எண்டு வந்தது. அதாலை நிரந்தர வதிவிடக்காரர் ஒருத்தருக்கு இது பாரதூரமான குற்றக் கணக்கிலை போய், நாட்டிலை இருக்கிற உரிமையையே தொடலாம். தண்டம் மட்டும் கட்டினாலும் கணக்கெடுக்கிறது உச்சத் தண்டனையைத்தான். என்ர தங்கச்சியின்ர மருமகன் அங்கை குடிவரவு அலுவல் பாக்கிறவன், போனிலை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னவன். ஆனபடியால் குற்ற வழக்கு லோயரோடை குடிவரவு லோயர் ஒருத்தரையும் பாக்காமல் கோட்டிலை அவன் வாய் திறக்கக்கூடாது. எப்ப மறிச்சவை, எப்ப ஊதக் குடுத்தவை, ஸ்ரேசனிலை எத்தினை தரம் ஊதினவன், லோயரோடை கதைக்க விட்டவையோ, எல்லாத்தையும் மறக்க முதல் கொப்பியிலை எழுதி வைக்கச் சொல்லு. பிழை நடந்திருந்தால் அதைக் காட்டி அடிபடட்டும், அது அவன்ர உரிமை. பொய்த்துண்டு மட்டும் வேண்டாம்.

ஒண்டு மட்டும் அவனைத் தனிய இருத்திக் கேள், தாய்க்கு முன்னாலை இல்லை. அண்டைக்கு அவன்ர காரிலை வேறை ஆரும் இருந்தவையோ எண்டு. எனக்குப் பதில் எழுதவேண்டாம். அவன் உனக்குச் சொன்னால் காணும்.

பட்டாவின்ர பின்பக்கத்துக்கு இப்ப கதவு போட்டுப் பூட்டியாச்சு. ஆக்கள் ஏறக்கூடாது, சாமான் மட்டும். சின்னவன் ஓ/எல் பாடத்துக்கு என்ர சின்னவளிட்டை வாறவன், கணக்குத்தான் அவனுக்கு ஏறுதில்லை. வாத்தியாற்ற பழைய கொப்பியள் இரண்டு என்னட்டைக் கிடந்தது, அதை அவனிட்டைக் குடுத்திருக்கிறன்.

மனிசியையும் பிள்ளையளையும் கேட்டதாய்ச் சொல்லு. ஆடிக்கு வாறதெண்டால் முன்கூட்டிச் சொல்லு, அதுக்குள்ளை லைசன்ஸ் கைக்கு வந்திடும், பலாலி எயார்போட்டிலை வந்து ஏத்திறன்.

உன்ர
பழைய வாங்குக் கூட்டாளி