வேலையிழந்தோர் நிவாரணம்: ‘கடைசி வேலை நாள்’ பதிவைச் சரிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பின்னலாடைத் தொழிலாளர்கள்
(டைலர், செக்கிங், அயர்ன், பேக்கிங் பிரிவுகள்),
திருப்பூர்.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் (இ.எஸ்.ஐ.),
சென்னை.

பொருள்: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா நிவாரணம் – வேலை நீங்கிய நாள் பதிவாகாமை, இரட்டைக் காப்பீட்டு எண், 78 நாள் விதி – தீர்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வேலை போனால் இ.எஸ்.ஐ.யின் இந்தத் திட்டத்தில் 90 நாள் வரை நிவாரணம் உண்டு என்பதே திருப்பூரில் பலருக்குத் தெரியாது. தெரிந்து விண்ணப்பிப்பவர்களில் பலர் தகுதி இருந்தும் நின்றுபோகிறார்கள். நின்றுபோவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்.

நிறுவனம் மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் இணையத்தில் ஏற்றும் சந்தாக் கணக்கில், வேலை செய்த நாள் பூஜ்யம் என்றால் அதற்கொரு காரண எண் போட வேண்டும். ‘காரணமின்றி’ என்றால் 0, ‘விடுப்பு’ என்றால் 1, ‘வேலையை விட்டார்’ என்றால் 2, ‘ஆட்குறைப்பு’ என்றால் 10, ‘வேலை இல்லை’ என்றால் 11. இரண்டையோ பத்தையோ போட்டால் கடைசி வேலை நாளையும் குறிப்பிட்டாக வேண்டும். 0, 1, 11 போட்டால் அந்தக் கேள்வியே வராது. அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் அவசரத்தில் 0 போட்டுவிட்டுப் போகிறார். கணினியைப் பொறுத்தவரை அந்தத் தொழிலாளி இன்னமும் அதே கம்பெனியில் வேலையில் இருக்கிறார். அவர் நிவாரணம் கேட்டால் எப்படிக் கிடைக்கும்? ஆள் நின்ற நாளைத் திருத்தும் வசதி தொழிலாளியின் கையில் இல்லை. கம்பெனியையே பூட்டிவிட்டால் திருத்தித் தர யாருமே இல்லை.

2020-இல் விதிகள் தளர்த்தப்பட்டபோது, விண்ணப்பம் பழைய முதலாளி வழியாக வரத் தேவையில்லை, கிளை அலுவலகத்தில் நேரடியாகக் கொடுக்கலாம், காத்திருப்புக் காலம் 90 நாளிலிருந்து 30 நாள் என்று ஆனது. நிவாரணமும் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. நல்ல மாற்றம், நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆனால் கடைசி வேலை நாள் மட்டும் முதலாளியின் கையிலேயே இருப்பதால் அந்தத் தளர்வு பாதி வழியில் நிற்கிறது. எனவே, தொழிலாளி எழுத்து மூலம் முறையிட்டால் கிளை மேலாளர் நிறுவனத்துக்கு 7 நாள் அவகாசம் கொடுத்துக் கேட்கவும், பதில் வராவிட்டால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் கடைசியாக ஏறிய வாரச் சம்பளம், வருகைப் பதிவு ஆகியவற்றைப் பார்த்துக் கடைசி நாளைத் தாமே பதியவும் உத்தரவிட வேண்டுகிறோம். எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான்.

அடுத்தது காப்பீட்டு எண். சீசனுக்குச் சீசன் கம்பெனி மாறுவது இந்தத் தொழிலின் வழக்கம். பழைய எண்ணைக் கேட்காமலே புது எண் போட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்பது விதி. ஓர் எண்ணில் 14 மாதம், இன்னொன்றில் 11 மாதம் என்று பிரிந்து கிடந்தால் இரண்டிலுமே தகுதி வராது. ஆதாரை வைத்து எண்களை இணைக்கும் வேலையைக் கிளை அலுவலகக் கவுன்டரிலேயே முடித்துத் தர வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்ற சிக்கலையும் அங்கேயே தீர்த்துவிடலாம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம்.

வேலை முழுதாகப் போகாமல் குறைந்துபோனவர்களின் நிலை வேறு. வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற ஆறு மாதங்களில் ஒன்று) 78 நாளாவது சந்தா இருக்க வேண்டும். ஆர்டர் இல்லாதபோது வாரம் மூன்று நாள் கூப்பிட்டால் 26 வாரத்துக்குச் சரியாக 78 நாள். ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் 77. வாரம் இரண்டு நாள் என்றால் 52தான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இப்படி ஓட்டி, நவம்பரில் நிறுத்தப்பட்டவருக்கு எதுவும் இல்லை. அதே கம்பெனியில் ஏப்ரல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டவருக்கோ, அதற்கு முந்தைய ஆறு மாதம் முழு வேலை இருந்ததால், நிவாரணம் உண்டு. கம்பெனியை விட்டுப் போகாமல் பொறுத்திருந்தவர் இழப்பது நியாயமில்லை.

தொகையும் குறைகிறது. நான்கு சந்தாக் காலச் சம்பளத்தை, அதாவது இரண்டு ஆண்டுச் சம்பளத்தை, கூட்டி 730 நாளால் வகுத்து, அதில் பாதியைத்தான் ஒரு நாளுக்குத் தருகிறார்கள். மாதம் 14,600 ரூபாய் முழுதாக வாங்கியவருக்கு நாளொன்றுக்கு 240 ரூபாய், 90 நாளுக்கு 21,600. கடைசி ஆறு மாதம் அரைச் சம்பளம் வாங்கியிருந்தால் 210 ரூபாய், மொத்தம் 18,900. வாழ்நாளில் ஒரே முறை கிடைக்கும் பணம் இது. நிறுவனம் வேலை தராததால் குறைந்த நாட்களை 78 நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும், அந்த மாதங்களைச் சராசரியிலிருந்து விலக்கவும் தலைமையகத்துக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இது தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்பதை அறிவோம். பரிந்துரை தங்களிடமிருந்து போனால்தான் எடுபடும்.

ஏபி-1 என்ற நிவாரண விண்ணப்பப் படிவத்தையும் இணைக்க வேண்டிய நகல்களின் பட்டியலையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கிளை அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்தால், பிரவுசிங் சென்டர்களில் தேவையில்லாத ஸ்டாம்ப் பேப்பருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து ஏமாறுவது நிற்கும்.

மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பின்னலாடைத் தொழிலாளர்கள்,
திருப்பூர்.

இணைப்பு: சந்தா விவர நகல்கள், சம்பளச் சீட்டு நகல்கள், கையொப்பப் பட்டியல்.